முன்பு அது யார் உடலில் இருந்தது?

1922இல் இன்சுலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. அதன்பிறகு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், உலகில் யார் போட்டுக்கொண்ட இன்சுலினும் இறைச்சிக்கூடத்திலிருந்துதான் வந்தது. வெட்டிய பன்றிகளின், மாடுகளின் கணையங்களைத் தனியே எடுத்து, கெட்டுப்போகாமல் உறையவைத்து மருந்து ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே அவற்றை அரைத்து, அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, மறுபடி மறுபடி தூய்மைப்படுத்தினால் கடைசியில் கொஞ்சம் தூள் மிஞ்சும். கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவான இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கு மேல் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன.

உயிரித் தொழில்நுட்பம் பற்றிப் பேச்சு வந்தால் நான் இந்த இரண்டு டன்னிலிருந்துதான் தொடங்குவேன். வழக்கமாக அந்தப் பேச்சு வேறோர் இடத்தில் ஆரம்பிக்கும்: இது இயற்கையா, செயற்கையா? மனிதன் கைவைக்கலாமா, கூடாதா? இந்தக் கேள்விகளோடு நெடுநாள் மல்லுக்கட்டியும் எனக்கு ஒரு தெளிவும் பிறக்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் கேட்கப் பழகிக்கொண்டேன். இந்தப் பொருளை முன்பு யார் உடலிலிருந்து எடுத்தார்கள்? இப்போது அது யார் கையில் இருக்கிறது? இவை இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பல விஷயங்கள் விளங்க ஆரம்பிக்கின்றன.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியுடையது அதிலிருந்து ஒரே ஓர் இடத்தில் வேறுபடும், மாட்டினுடையது மூன்று இடங்களில். அதனால்தான் அவை நமக்கு வேலை செய்தன. அதே வேறுபாட்டால் சிலருக்கு ஒவ்வாமையும் வந்தது. 1978இல் ஜெனென்டெக் நிறுவனமும் கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையமும் சேர்ந்து, மனித இன்சுலினுக்கான மரபணுவை வேதிமுறையில் எழுத்து எழுத்தாகக் கோத்து ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனி பாக்டீரியாக்களில் விளைவித்து, பிறகு ஒன்றாக இணைத்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தத் தொழில்நுட்பத்தில் பிறந்து மனித உடலுக்குள் போன முதல் மருந்து அதுதான்.

என் அப்பா பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். குப்பியின் மேலே பொடி எழுத்தில் ‘மனித இன்சுலின், ஆர்டிஎன்ஏ முறையில் தயாரித்தது’ என்று அச்சிட்டிருக்கும். ஒருநாள் அவருக்கு அதைப் படித்துக் காட்டி, “அப்பா, இது மரபணு மாற்றிய பாக்டீரியா செய்ததுப்பா” என்றேன். “அப்படியா? நல்லா வேலை செய்யுதே” என்று சொல்லிவிட்டு ஊசியில் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். மரபணு மாற்றிய உணவு என்ற பேச்சை எடுத்தாலே வேண்டாம் என்று கையை ஆட்டுகிற மனிதர் அவர். அவரை மட்டும் சொல்வானேன், உலகமே இந்த விஷயத்தில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. மருந்தாக வரும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை, தட்டில் வரும்போது கேட்கிறோம். அதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாக்டீரியாவுக்குள் மரபணுவை எப்படி வைக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. நான் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்த்திருக்கிறேன். கால்சியம் குளோரைடு கரைசலில் பக்குவப்படுத்திய பாக்டீரியா, சுண்டுவிரலைவிடச் சிறிய குழாயில், பனிக்கட்டிக்குள் செருகியிருக்கும். பிளாஸ்மிட் என்கிற வட்ட வடிவ டிஎன்ஏவை அதில் ஒரு துளி விட வேண்டும். கொஞ்ச நேரம் பனியில் விட்டு, சட்டென்று 42 டிகிரி வெந்நீரில் முக்கால் நிமிடம் வைத்து, உடனே மறுபடி பனிக்குள் தள்ள வேண்டும். அந்தச் சூட்டு அதிர்ச்சியில் சில செல்கள் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் அவற்றை ஆன்டிபயாடிக் கலந்த அகார் தட்டில் தடவி, 37 டிகிரியில் இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். பிளாஸ்மிட்டில் அந்த ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் இருப்பதால், அதை வாங்கிக்கொண்ட செல்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். மறுநாள் காலையில் தட்டை எடுத்துப் புற ஊதா விளக்கில் காட்டினோம். புள்ளி புள்ளியாகப் பச்சை வெளிச்சம். நாங்கள் வைத்தது ஒரு ஜெல்லிமீனின் மரபணு. கடலையே பார்த்திராத பாக்டீரியா அதை அப்படியே படித்து ஜெல்லிமீனின் புரதத்தைச் செய்துவைத்திருந்தது. உயிர்களெல்லாம் ஒரே நெடுங்கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்று பாடத்தில் படித்ததற்கும், அந்தப் பச்சையை நேரில் பார்த்ததற்கும் எவ்வளவோ தூரம்.

அந்தப் பச்சைப் புரதத்துக்கும் என் முதல் கேள்வி பொருந்தும். அதைக் கண்டறிந்த ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பர் கடற்கரையில் மனைவி மக்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் வலைவீசி ஜெல்லிமீன் பிடித்தார். மொத்தம் எட்டரை லட்சம் என்று கணக்கு. 1992இல் அதன் மரபணு படியெடுக்கப்பட்ட பிறகு, அந்தப் புரதத்துக்காக ஒரு ஜெல்லிமீனைக்கூடப் பிடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. 2008இல் ஷிமோமுராவும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று செல்லுக்குள் எது எங்கே நடக்கிறது என்று பார்க்க விரும்பும் ஆய்வகங்கள் பலவற்றில் அந்தப் பச்சை ஒளிர்கிறது.

இதைவிடக் கனமான கதை வளர்ச்சி ஹார்மோனுடையது. அந்த ஹார்மோன் போதாமல் வளராத குழந்தைகளுக்கு விலங்கு ஹார்மோன் பயன்படாது, மனிதனுடையதே வேண்டும். அதனால் 1950களின் கடைசியிலிருந்து, இறந்தவர்களின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைச் சேகரித்து, அதிலிருந்து ஹார்மோனைப் பிரித்தார்கள். பலருடைய சுரப்பிகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் ஒரு தொகுதி மருந்து செய்ய முடியும். அந்தப் பலரில் ஒருவருக்குக் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்னும் மூளைச் சிதைவு நோய் இருந்திருந்தால், மருந்தோடு அதுவும் போகும். போனது. 1985இல், முன்பு இந்த ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் அந்த நோயில் இறப்பது தெரியவந்து அமெரிக்காவில் விநியோகத்தை நிறுத்தினார்கள். பிரான்சில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே 1985ஆம் ஆண்டின் இறுதியில் பாக்டீரியாவில் விளைந்த வளர்ச்சி ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கும் இதே நிலைதான். ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியை ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவைக் கலந்து பிரித்தார்கள். அதன் வழியாக எச்ஐவி பரவி, அமெரிக்காவில் ஹீமோஃபீலியா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் 1980களில் தொற்றுக்கு ஆளானார்கள். மரபணு முறையில் செய்த எட்டாம் காரணி 1992இல் வந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் முதலில் நோய்க்கிருமி சுமந்தவர்களின் ரத்தத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. 1986இலிருந்து ஈஸ்ட் அதைச் செய்து தருகிறது. பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிக்கும் நொதி, பால்குடி மறக்காத கன்றின் நான்காவது வயிற்றிலிருந்து வந்தது. 1990இல் அமெரிக்கா அனுமதித்த பிறகு நுண்ணுயிர்களே அதைச் செய்கின்றன. மரபணு மாற்றிய உயிர் செய்த பொருள் உணவில் சேர முதல் அனுமதி பெற்றது அந்த நொதிதான் என்பது பலருக்குத் தெரியாது.

இன்னும் முடியாத கதையும் உண்டு. ஊசிமருந்திலோ உடலுக்குள் பொருத்தும் கருவியிலோ பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று சோதிக்க, குதிரைலாட நண்டின் நீல ரத்தம் பயன்படுகிறது. நச்சு பட்டதும் அது கட்டிப்பட்டுவிடும். நண்டுகளைக் கடலிலிருந்து பிடித்து, ஒரு பங்கு ரத்தத்தை வடித்துக்கொண்டு திரும்ப விடுகிறார்கள். அதில் 15 முதல் 30 விழுக்காடு வரை இறந்துவிடுவதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. இதற்கு மாற்றாக அந்த ரத்தத்தில் உள்ள முக்கியப் புரதத்தை மரபணு முறையில் செய்யும் வழியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்க மருந்துத் தர நூல் அதை நேரடியாக ஏற்றுக்கொண்ட விதி 2025இல்தான் நடைமுறைக்கு வந்தது. தொழில்நுட்பம் தயாராக இருந்தும் கடலில் நண்டு பிடிப்பது இத்தனை காலம் நீடித்தது. விதி மாறத் தாமதித்ததும், பழைய சோதனையில் ஊறிப்போன தொழிலின் தயக்கமுமே காரணம்.

சரி, உணவுக்கு வருவோம். மருந்தை ஏற்கும் நாம் பயிரிடம் ஏன் தயங்குகிறோம்? இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு அதன் பலன் அன்றே தெரியும். 1996இல் பெரிய அளவில் வந்த களைக்கொல்லி தாங்கும் சோயாவில், சாப்பிடுபவருக்கு என்ன பலன்? ருசி கூடவில்லை, சத்து கூடவில்லை. களை எடுக்கும் வேலை விவசாயிக்குக் குறைந்தது. விதையையும் களைக்கொல்லியையும் விற்ற நிறுவனத்துக்கு இரட்டை வருமானம். உண்பவர் பங்குக்கு வந்து சேர்ந்தது சந்தேகம் ஒன்றுதான். அப்படியிருக்க, மக்கள் அறிவியல் தெரியாமல் பயப்படுகிறார்கள் என்று சொல்வது நியாயமே இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, இந்தப் பயிர்களை உண்பதால் மற்றப் பயிர்களைவிடக் கூடுதல் ஆபத்து என்பதற்குச் சான்று இல்லை என்றது. அந்த முடிவை நான் ஏற்கிறேன். அதே அறிக்கை, விளைச்சல் ஆண்டுக்காண்டு கூடும் வேகத்தை இந்தப் பயிர்கள் மாற்றியதாகவும் தெரியவில்லை என்றது. அதையும் ஏற்கத்தான் வேண்டும்.

இயற்கை, செயற்கை என்ற கோட்டை நான் நம்பாததற்குக் காரணமும் உணவில்தான் இருக்கிறது. 2015இல் ஆய்வாளர்கள் 291 வகைச் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைச் சோதித்தார்கள். பயிரிடப்படும் அந்த வகைகள் எல்லாவற்றிலும் அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியாவின் மரபணுக்கள் இருந்தன. எந்த ஆய்வகமும் இல்லாத காலத்தில், பாக்டீரியாவே தன் மரபணுவைச் செடிக்குள் செருகியிருக்கிறது. இன்று பயிர்களுக்குள் மரபணு செலுத்தப் பயன்படுவதும் அதே பாக்டீரியாதான். இன்னொரு பக்கம், விதைகளைக் கதிர்வீச்சிலோ வேதிப்பொருளிலோ வைத்து, மரபணுக்கள் எங்கெங்கே உடைந்தன என்றே தெரியாமல், நல்ல செடியாகப் பார்த்துப் பொறுக்கிய ரகங்கள் உலகில் மூவாயிரத்துக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு பொட்டலத்திலும் எச்சரிக்கை கிடையாது.

பயிர்க் கதைகளில் எனக்குப் பிடித்தது ஹவாய்த் தீவின் பப்பாளி. பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் இலையைச் சுருக்கி, பழத்தில் வளையம் வளையமாகத் தடம் பதித்து, மரத்தையே சாகடிக்கும். 1992இல் அந்த வைரஸ் பூனா பகுதிக்குள் நுழைந்தது. ஹவாயின் பப்பாளியில் பெரும்பங்கு விளைந்தது அங்கேதான். மரங்களை வெட்டி எரித்தும் பயனில்லை. சில ஆண்டுகளில் விளைச்சல் பாதியாகச் சரிந்தது. ஹவாயிலேயே பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டென்னிஸ் கன்சால்வஸ், இந்த ஆபத்து வரும் என்று பல ஆண்டுகள் முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார். வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவைப் பப்பாளிக்குள் வைத்தார்கள். செடி அந்த வரிசையை அடையாளம் கண்டு அடக்கப் பழகிக்கொள்கிறது. பிறகு உண்மையான வைரஸ் வந்தாலும் அதையும் அடக்கிவிடுகிறது. 1998இல் விதைகளை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். தோட்டங்கள் மீண்டன. பல்கலைக்கழகமும் அரசு ஆய்வாளர்களும் செய்த வேலை, சின்ன விவசாயிகளுக்கான பயிர், கைக்காசு கேட்காத விதை. பயிர் உயிரித் தொழில்நுட்பத்தின் முகமாக உலகம் முதலில் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவோ சண்டை மிச்சமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரே தொழில்நுட்பம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக முடிந்ததற்குப் பருத்தியைச் சொல்ல வேண்டும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் நச்சுப் புரதத்தைச் செடியே உற்பத்தி செய்வதுதான் பிடி பருத்தி. காய்ப்புழு கடித்தால் சாகும். ஆனால் கோடிப் புழுக்களில் ஒன்றிரண்டு தாங்கிக்கொள்ளும். அவை ஒன்றோடொன்று கூடினால் தாங்கும் சந்ததி பெருகும். அதற்கு எளிய தடை உண்டு: பக்கத்தில் கொஞ்சம் சாதாரணப் பருத்தி நட வேண்டும். அங்கே வளரும் சாதாரண அந்துப்பூச்சிகள் தாங்கும் பூச்சியோடு கூடினால் பிறக்கும் குட்டிப்புழு மறுபடி நச்சுக்குச் சாகும். அமெரிக்காவின் அரிசோனாவில் விவசாயிகள் இதை ஒழுங்காகச் செய்தார்கள். பிறகு மலடாக்கிய பூச்சிகளையும் பறக்கவிட்டார்கள். 2018இல் அந்த நாட்டின் பருத்தி வயல்களிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். இந்தியாவிலும் 2002இல் பிடி பருத்தி வந்தபோதே அந்த விதி இருந்தது. விதைப் பொட்டலத்தோடு சாதாரண விதையும் தனியாக ஒரு சிறு பையில் வந்தது. சில ஏக்கர் மட்டும் வைத்திருப்பவர், புழு தின்னட்டும் என்று தன் நிலத்தில் ஒரு பங்கை எப்படி ஒதுக்குவார்? பெரும்பாலோர் அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை. 2010க்குள் குஜராத்தில் புழு தாங்கப் பழகிவிட்டது உறுதியானது. விதிக்குள் அந்த விவசாயியின் நிலைமையையும் வைத்து யோசிக்காதவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

களைக்கொல்லியிலும் இதே பாடம்: வருடா வருடம் ஒரே மருந்தை அடித்தார்கள், தாங்கும் களைகள் பெருகின.

இரண்டாவது கேள்விக்கு, யார் கையில் என்பதற்கு, 1980 ஒரு முக்கியமான ஆண்டு. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கிய ஆனந்த மோகன் சக்ரவர்த்தியின் வழக்கில், உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரே ஒரு நீதிபதி மாற்றி வாக்களித்திருந்தால் இந்தத் துறையே வேறு மாதிரி இருந்திருக்கும். மனிதர்களிடம் இயல்பாக இருக்கும் மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 2013 ஆயிற்று. இடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள். அதற்குள் பொன்னிற அரிசி வந்துவிட்டது. வைட்டமின் ஏ குறைவால் கண்பார்வை இழக்கும் குழந்தைகளுக்காக, இங்கோ பொட்ரிகஸும் பீட்டர் பேயரும் 2000இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது: உடலில் வைட்டமின் ஏவாக மாறும் சத்தை அரிசியே செய்யும். அதைச் செய்யப் பயன்பட்ட நுட்பங்களின் மேல் சுமார் 70 காப்புரிமைகள் இருந்தன. அத்தனையையும் பேசித் தீர்த்து, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்குக் கீழ் சம்பாதிக்கும் விவசாயிகளுக்குக் கட்டணமில்லை என்று முடிவானது. அப்புறம் எதிர்ப்பு, அனுமதி, சோதனை என்று ஆண்டுகள் ஓடின. 2021இல் பிலிப்பைன்ஸ் அனுமதித்தது. 2024இல் அந்த நாட்டு நீதிமன்றமே அந்த அனுமதியை ரத்து செய்தது. இருபத்து நான்கு ஆண்டுகள். இந்தக் காத்திருப்பை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இன்சுலினின் விலையும் இங்கேதான் சேரும். டொராண்டோவில் அதைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் காப்புரிமையை ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். பாக்டீரியா வந்தபின் பன்றிக் கணையத்துக்கு அலைய வேண்டியதில்லை. இருந்தும், ஒரு வகை இன்சுலின் குப்பி அமெரிக்காவில் 1996இல் 21 டாலராக இருந்து, பின்னர் 270 டாலரைத் தாண்டியது. மருந்தை மிச்சம்பிடித்துப் போட்டு உயிரையே விட்டவர்கள் உண்டு. 2023இல்தான், பொதுமக்களின் நெருக்கடிக்குப் பிறகு, விலையைப் பெருமளவு குறைத்தார்கள். பாக்டீரியா 1982இலும் 2022இலும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் அடியில் கிடக்கும் அறிவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் யாரும் லாபம் எதிர்பாராத இடங்களிலிருந்து. 1966இல் தாமஸ் பிராக்கும் அவர் மாணவரும் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். கொதிக்கும் தண்ணீரில் எது பிழைக்கிறது என்ற ஆர்வம், அவ்வளவுதான். அந்த பாக்டீரியாவின் நொதி சூட்டுக்குக் கலங்காது என்பதால்தான் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் இவ்வளவு எளிதானது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பிசிஆர் சோதனை செய்துகொண்ட எல்லோருக்கும் அந்த ஊற்றோடு உறவு உண்டு. ஸ்பெயினின் உப்பளத்து நுண்ணுயிர்களில் திரும்பத் திரும்ப வரும் விசித்திர டிஎன்ஏ வரிசைகளைப் பிரான்சிஸ்கோ மோஹிகா ஆண்டுக்கணக்கில் துரத்தினார். பாக்டீரியாக்கள் வைரஸ்களை அடையாளம் வைத்துக்கொள்ளும் முறை அது என்பதை, 2007இல் தயிர் பாக்டீரியாவை ஆராய்ந்த ஓர் உணவு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சோதனையில் நிரூபித்தார்கள். 2012இல் ஜெனிபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியரும் அதைக் குறித்த இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கருவியாக மாற்றினார்கள். கிரிஸ்பர் என்று இப்போது எல்லோரும் சொல்வது அதைத்தான்.

அதன் முதல் மருந்து 2023இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அரிவாள் செல் சோகை என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோய். அந்த நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, கருவில் இருந்தபோது வேலை செய்த ஹீமோகுளோபின் மறுபடி உற்பத்தியாகும்படி ஒரே ஒரு சுவிட்சைத் திருத்தி, கீமோதெரபியால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்துவிட்டு, திருத்திய செல்களைத் திரும்ப ஏற்றுகிறார்கள். பல ஆண்டுகளாக வலியில் துடித்து அடிக்கடி மருத்துவமனையில் கிடந்தவர்கள் வலியில்லாமல் வாழ்கிறார்கள். இங்கே யார் உடலிலிருந்தும் எதையும் கடன் வாங்கவில்லை. அவர் செல், அவருக்கே. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறப்பது சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். அங்கே மஜ்ஜை மாற்றும் வசதியுள்ள மருத்துவமனைகளே அரிது.

2018இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருவிலேயே மரபணுவைத் திருத்திக் குழந்தைகள் பிறக்கச் செய்ததும், அதற்காகச் சிறை சென்றதும் பலருக்குத் தெரியும். அந்தக் குழந்தைகளின் நன்மைக்குத் தேவையே இல்லாத திருத்தம் அது. அதை எதிர்க்க எனக்கு வேறு வாதம் வேண்டியதில்லை.

இப்போது நான் விடாமல் பின்தொடர்வது 2025இல் பிலடெல்பியாவில் நடந்த சிகிச்சையை. கல்லீரலில் ஒரு நொதி வேலை செய்யாமல், ரத்தத்தில் அம்மோனியா ஏறிச் சாகக்கூடிய நிலையில் பிறந்த ஒரு குழந்தைக்கு, அந்தக் குழந்தையின் ஒரே ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கென்றே ஆறே மாதத்தில் மருந்து தயாரித்தார்கள். சில கோவிட் தடுப்பூசிகளில் இருந்ததுபோன்ற கொழுப்பு உருண்டைக்குள் வைத்து ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். குழந்தை தேறி வீடு திரும்பியது. இன்னொரு குழந்தைக்கு இன்னோர் இடத்தில் பிழை இருக்கும். மருந்தில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று காட்டும் சிறு துண்டை மட்டும் மாற்றினால் பெரும்பகுதி அப்படியே பயன்படும். ஒவ்வொரு முறையும் புது மருந்தாகக் கருதி முதலிலிருந்து எல்லாச் சோதனையையும் கேட்டால், ஒரே ஒரு நோயாளிக்காக எந்த நிறுவனமும் முன்வராது. முழுவதையும் ஒரே மருந்தாகப் பார்த்து, மாறும் துண்டை மட்டும் சோதித்து அனுமதிக்கலாமா, அதைச் செய்யும் வசதியை அரசு மருத்துவமனைகளில் வைக்கலாமா என்பதைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் பேச்சு தொடங்கியிருக்கிறது. அந்த விதி எழுதப்படும்போது நோயாளிகளின் பெற்றோர்களும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.